மீட்டரில் காற்று இருக்கிறது, பிரேக் எங்கே?

கனரக வண்டிகளின் ஏர் பிரேக் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பல ஆண்டுகள் பிரேக் பிரிவில் மெக்கானிக்காக இருந்துவிட்டு இப்போது டிரைவர்களுக்கும் இளம் மெக்கானிக்குகளுக்கும் பயிற்சி கொடுத்து வருபவர் பதில் சொல்கிறார்.

சிக்னலில் பக்கத்தில் நிற்கும் லாரியிலிருந்து ‘புஸ்’, ‘டஸ்’ என்று சத்தம் வருகிறது. காற்று எங்காவது கசிகிறதா? பயமாக இருக்கிறது.
*– கார் ஓட்டும் வாசகி*

பயப்பட வேண்டாம். வேலை முடித்த காற்று வெளியே போகிறது, அவ்வளவுதான்.

இன்ஜின் ஓடும்போது கூடவே கம்பிரசரும் ஓடி, வெளிக்காற்றை இழுத்து அழுத்துகிறது. அந்தக் காற்று ஏர் டிரையர் வழியாகப் போய், ஈரத்தை அங்கே விட்டுவிட்டு, டேங்குகளில் சேர்கிறது. டிரைவர் பெடலை மிதித்தால் கால் வால்வு திறந்து, டேங்கில் இருக்கும் காற்று சக்கரத்தின் அருகே உள்ள சேம்பர் என்ற காற்றறைக்குப் போகும். காலை எடுத்தால் சேம்பரில் இருந்த காற்று டேங்குக்குத் திரும்பாது, வெளியேதான் போகும். நீங்கள் கேட்கும் முதல் ‘புஸ்’ அது. வண்டியை நிறுத்திவிட்டு பார்க்கிங் பிரேக் போடும்போது இன்னும் கனமாக, நீளமாக ஒரு சத்தம் வரும். இவை இரண்டும் போக, யாரும் எதையும் தொடாமலே திடீரென்று ‘டஸ்’ என்று ஒன்று வெடிக்கும். அதுதான் பக்கத்தில் நிற்பவரைத் தூக்கிப்போடும். டேங்க் நிரம்பியதும் ‘போதும்’ என்று, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற கருவி கம்பிரசருக்குச் சொல்லும் நேரத்தில், டிரையர் தன்னிடம் தேங்கிய தண்ணீரை ஊதி வெளியே தள்ளும் சத்தம் அது.

டிரைவர்களுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. பிரேக்கையே தொடாமல் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனாலும் அந்த ‘டஸ்’ அடிக்கடி வருகிறது என்றால், நிரப்பிய காற்று எங்கோ போய்க்கொண்டிருக்கிறது, அல்லது கவர்னர் கெட்டிருக்கிறது. அந்தச் சத்தமே வருவதில்லை என்றால், அழுத்தம் மேல் அளவை எட்டவே இல்லையா, கவர்னர் கம்பிரசரை நிறுத்தாமல் ஓட்டுகிறதா, டிரையர் வால்வு அடைத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

காற்று வந்தால்தான் பிரேக் பிடிக்கும் என்கிறார் ஒருவர். காற்று போனால்தான் பிரேக் பிடிக்கும் என்கிறார் இன்னொருவர். எது சரி?
*– பாலிடெக்னிக் மாணவர்*

இரண்டுமே சரி. ஒரே வண்டியில் இரண்டும் இருக்கின்றன.

காலால் மிதிக்கும் பிரேக் காற்றால் பிடிக்கிறது. பார்க்கிங் பிரேக் ஸ்பிரிங்கால் பிடிக்கிறது, காற்றால் விடுகிறது. பின் சக்கரங்களில் இரட்டை அடுக்காகப் பருத்துத் தெரியும் சேம்பரின் முன் அறை கால் பிரேக்குக்கு, பின் அறை பார்க்கிங்குக்கு. அந்தப் பின் அறைக்குள் ஒரு பெரிய ஸ்பிரிங் எப்போதும் விரியத் துடித்துக்கொண்டிருக்கிறது. காற்று அதை அழுத்திப் பிடித்திருக்கும்வரை வண்டி ஓடும். காற்றை வெளியேற்றினால் ஸ்பிரிங் விரிந்து பிரேக்கைப் பிடித்துவிடும். அதனால்தான் காற்று முழுக்க இறங்கிய வண்டியைத் தள்ளக்கூட முடியாது.

இந்த யோசனைக்கு மூலம் ரயில்வேயில் இருக்கிறது. 1869-ல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் முதல் ஏர் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அதில் காற்று வந்தால் பிரேக் பிடிக்கும். குழாய் அறுந்தால் பிரேக்கே இல்லை. 1872 வாக்கில் அதைத் தலைகீழாக்கினார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு டேங்க் வைத்து, நீளக் குழாயில் அழுத்தம் குறைந்தால் அந்தந்த டேங்க் தானாகவே பிரேக்கைப் பிடிக்கும்படி செய்தார். ரயில் இரண்டாகப் பிரிந்தால் இரண்டு பாதியும் நிற்கும்.

இந்த வித்தியாசத்தின் விலையை 1889 ஜூனில் அயர்லாந்தின் ஆர்மா அருகே நடந்த விபத்து காட்டியது. ஏற்றத்தில் ஏற முடியாமல் நின்ற ஒரு சுற்றுலா ரயிலை இரண்டாகக் கழற்றி முன்பாதியை மட்டும் இழுத்துப் போகப் பார்த்தார்கள். அந்த ரயிலில் இருந்தது வேக்வம் (வெற்றிட) பிரேக், அதுவும் தானாகப் பிடிக்கும் வகை இல்லை. குழாயைக் கழற்றியதும் பின்பாதிக்கு மிஞ்சியது கை பிரேக் மட்டும்தான். பெட்டிகள் இறக்கத்தில் பின்னோக்கி ஓடி, பின்னால் வந்த ரயிலில் மோதின. ஏறத்தாழ 80 பேர் இறந்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். அதே ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பயணிகள் ரயில்களில் தானியங்கி பிரேக்கைக் கட்டாயமாக்கியது.

லாரியில் உள்ள ஸ்பிரிங் பிரேக்கின் அமைப்பு வேறு என்றாலும் நோக்கம் அதுவேதான். அழுத்தம் ஏறத்தாழ 4 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு, டிரைவர்கள் ‘கிலோ’ என்று சொல்வதும் ஏறத்தாழ அதேதான்) இறங்கும்போதே விளக்கும் பஸ்ஸரும் எச்சரிக்கும். 3 பாருக்கும் 1.5 பாருக்கும் நடுவில் எங்கோ ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்துவிடும். எண்கள் வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். பஸ்ஸர் அடித்தால் ‘அடுத்த ஊர் போய்ப் பார்த்துக்கலாம்’ என்ற பேச்சே கூடாது. ஸ்பிரிங் எந்த இடத்தில் பிடிக்கும் என்பதை நீங்கள் முடிவு செய்ய முடியாது. அது பாலமாக இருக்கலாம், வளைவாகவும் இருக்கலாம். கட்டுப்பாடு கையில் இருக்கும்போதே ஓரம் கட்டிவிடுங்கள்.

லோடு வண்டி ஓட்டுகிறேன். மீட்டரில் 8 கிலோ காற்று நிற்கிறது. பெடலும் எப்போதும் போலத்தான் இருக்கிறது. ஆனால் நீண்ட இறக்கத்தில் பாதி தூரம் போனதும் பிரேக் பலமில்லாத மாதிரி தெரிகிறது. ‘ஏர் எல்லாம் சரியா இருக்கு, ஒண்ணும் இல்ல’ என்று பணிமனையில் அனுப்பிவிட்டார்கள். என்ன கோளாறு?
*– 10 சக்கர வண்டி டிரைவர்*

இந்த மாதம் வந்த கேள்விகளில் முக்கியமானது இதுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

டேங்கில் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதைத்தான் மீட்டர் காட்டும். அந்தக் காற்று ஷூவை (லைனர் ஒட்டிய பிரேக் கட்டையை) டிரம்மில் (சக்கரத்தோடு சுழலும் இரும்பு உருளையில்) கொண்டுபோய் அழுத்துகிறதா என்பது அதற்குத் தெரியாது. பெடலுக்கும் தெரியாது. காரில் பிரேக் தேய்ந்தாலோ எண்ணெய் குறைந்தாலோ பெடல் கீழே போகும், மெத்தென்று ஆகும், காலே சொல்லிவிடும். ஏர் பிரேக்கில் உங்கள் காலுக்குக் கீழே இருப்பது ஒரு வால்வும் அதற்குள் இருக்கும் ஸ்பிரிங்கும்தான். சக்கரத்தில் பிரேக் அருமையாக இருந்தாலும் சரி, ஒரு சக்கரத்தில் பிரேக்கே இல்லாவிட்டாலும் சரி, காலுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் ‘பெடல் எப்போதும் போல இருக்கிறது’ என்று நீங்கள் எழுதியிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நீங்கள் பார்க்க வேண்டியது, சேம்பரிலிருந்து நீளும் தண்டான புஷ்ராடு எவ்வளவு தூரம் வெளியே வருகிறது என்பதை.

பெரிய வண்டிகளில் பரவலாக இருக்கும் டைப் 30 சேம்பரை எடுத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் ரப்பர் டயாபிரத்தின் வேலை செய்யும் பரப்பு 30 சதுர அங்குலம், அதாவது ஏறத்தாழ 194 சதுர செ.மீ. அதில் 6 பார் காற்று வந்தால் புஷ்ராடை ஏறத்தாழ 1,200 கிலோ விசை தள்ளும். புஷ்ராடு ஸ்லாக் அட்ஜஸ்டர் என்ற கையைத் தள்ள, அந்தக் கை ‘S’ வடிவ எஸ் கேமைத் திருப்ப, கேம் இரண்டு ஷூக்களையும் விரித்து டிரம்மில் அழுத்தும். இவ்வளவு பெரிய விசைக்கு ஓர் எல்லை இருக்கிறது. சாதாரண டைப் 30-ல் புஷ்ராடின் முழு ஓட்டம் 2.5 அங்குலம்தான். அதற்கு மேல் சேம்பரின் அடிச்சுவர் தடுத்துவிடும். லைனர் தேயத் தேய ஷூ டிரம்மைத் தொட புஷ்ராடு கூடுதல் தூரம் போக வேண்டும். ஓட்டம் 2 அங்குலத்தை எட்டினாலே பிரேக்கைக் கவனித்தாக வேண்டும். மிச்சம் அரை அங்குலம் இருக்கிறதே என்று நினைக்கக் கூடாது, ஏனென்றால் அந்தக் கடைசி அரை அங்குலத்தில் டயாபிரம் தள்ளும் விசை மளமளவென்று விழுந்துவிடும்.

இப்போது உங்கள் இறக்கத்துக்கு வருவோம். டிரம் சூடானால் விரியும். ஏறத்தாழ 420 மி.மீ. விட்டமுள்ள இரும்பு டிரம் 300 டிகிரி கூடுதலாகச் சூடானால் விட்டம் 1 மி.மீ.க்கு மேல் பெருகும். கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் கேமையும் கையையும் கணக்கில் எடுத்தால், அந்த 1 மி.மீ.யை ஈடுகட்ட புஷ்ராடு அதைப்போல் பல மடங்கு கூடுதலாகப் போக வேண்டும். காலையில் குளிர்ந்த டிரம்மில் 2 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடிய புஷ்ராடு, பாதி இறக்கத்தில் சேம்பர் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த விசை முழுவதையும் சேம்பரே வாங்கிக்கொள்கிறது, ஷூவுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. மீட்டரில் அப்போதும் 8 கிலோதான் நிற்கும். லைனரும் சூடாகிப் பிடிப்பை இழந்திருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் வரும், அதுதான் ஆபத்து. பணிமனை வாசலில், குளிர்ந்த பிரேக்கில், சமதரையில் மிதித்துப் பார்த்தால் இது எதுவும் தெரியாது.

நீங்களே அளந்து பாருங்கள். சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். காற்றை நிரப்பி, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, இன்ஜினை அணைத்துவிடுங்கள். புஷ்ராடு சேம்பரிலிருந்து வெளியே வரும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். இன்னொருவர் கேபினில் பெடலை முழுக்க மிதித்துப் பிடிக்கட்டும், அழுத்தம் 6 முதல் 7 பார் இருக்க வேண்டும். கோடு எவ்வளவு தள்ளி வந்தது என்று அளந்து, சக்கரத்துக்குச் சக்கரம் எழுதி வையுங்கள். மிதித்த நிலையில் புஷ்ராடும் கையும் ஏறத்தாழ செங்கோணத்தில் இருக்க வேண்டும். கை அதைத் தாண்டிச் சாய்ந்து கிடந்தால் அளக்கவே வேண்டாம், கண்ணுக்கே தெரியும். ஒரே அச்சில் இடது ஒன்றரை அங்குலம், வலது இரண்டேகால் என்று வந்தால், வண்டி பிரேக்கில் ஒருபக்கம் இழுப்பதற்கும் காரணம் கிடைத்துவிட்டது. நீள ஓட்டச் சேம்பர் என்று ஒரு வகை உண்டு, அதற்கு எல்லை வேறு. உங்களுடையது எது என்று சேம்பர் உடம்பிலேயே குறித்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டம் கூடியிருந்தால் என்ன செய்வது? கையால் முறுக்கும் பழைய ஸ்லாக் அட்ஜஸ்டர் என்றால் முறுக்கிச் சரிசெய்யலாம். இப்போது பெரும்பாலும் தானாகச் சரிசெய்துகொள்ளும் வகைதான் வருகிறது. அதில் ஓட்டம் கூடினால் ஸ்பேனரைப் போட்டு ஒரு திருகு திருகி அனுப்புவது பெரிய தவறு. தானாகச் செய்ய வேண்டிய ஒன்று ஏன் செய்யவில்லை என்று கேட்க வேண்டும். கேம் புஷ் தேய்ந்து ஆடுகிறதா, பின் தேய்ந்திருக்கிறதா, தாங்கு கிளாம்ப் விட்டுப்போயிருக்கிறதா, கிரீஸ் போகாமல் இறுகியிருக்கிறதா, அட்ஜஸ்டரே போய்விட்டதா? காரணத்தைப் பார்க்காமல் முறுக்கினால் சில நாளில் பழைய நிலைக்கே வந்துவிடும். நீங்களோ சரிசெய்தாகிவிட்டது என்ற நம்பிக்கையில் அதே இறக்கத்தில் இறங்குவீர்கள். அடுத்த முறை பணிமனையில் ‘ஏர் சரியாக இருக்கிறதா’ என்று கேட்காதீர்கள். ‘ஆறு சேம்பரிலும் புஷ்ராடு ஓட்டம் எவ்வளவு’ என்று கேளுங்கள். எண் சொல்ல முடியாதவர் இன்னும் பார்க்கவில்லை என்று பொருள்.

டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் டிஸ்க் சூடானால் பேடை நோக்கித்தான் விரியும், அதனால் இந்தச் சிக்கல் அங்கே இல்லை.

இறக்கத்தில் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்க வேண்டுமா, லேசாக மிதித்தபடியே இறங்க வேண்டுமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
*– புதிதாகக் கனரக உரிமம் எடுத்தவர்*

முதலில் கியர். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக்கோ ரிடார்டரோ (சக்கர பிரேக்கைத் தொடாமலே வேகத்தை அடக்கும் சாதனங்கள்) இருந்தால் போட்டுவிடுங்கள். இறங்க ஆரம்பித்து வேகம் ஏறிய பிறகு கியர் விழாது, நியூட்ரலில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 25 டன் வண்டி 500 மீட்டர் உயரம் இறங்கினால் 120 மெகாஜூலுக்கு மேல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். 30 டிகிரியில் இருக்கும் 400 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. அதில் பெரும்பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ள வேண்டும். மிச்சம்தான் டிரம்முக்கு.

அப்புறம் பெடல். இந்த இறக்கத்துக்கு 40 கி.மீ. பாதுகாப்பான வேகம் என்று வைத்துக்கொள்வோம். 40-ஐத் தொட்டதும் அழுத்தமாக மிதித்து 32-க்குக் கொண்டுவந்து, காலை முழுக்க எடுத்துவிடுங்கள். ஏறத்தாழ 3 வினாடி மிதிப்பு. மறுபடி 40 வந்தால் மறுபடி அதேபோல. லேசாக மிதித்தபடியே இறங்கினால், எல்லாச் சக்கரத்துக்கும் காற்று ஒரே அளவில் போகாது. குறைந்த அழுத்தத்தில் சில வால்வுகள் முந்தித் திறக்கும், சில திறக்கவே திறக்காது. அப்போது ஓரிரண்டு சக்கரங்களே மொத்தச் சுமையையும் தாங்கித் தீய்ந்துபோகும். அழுத்தமாக மிதித்தால் எல்லாச் சக்கரமும் பங்கு போட்டுக்கொள்ளும்.

‘விட்டு விட்டு’ என்பதைத் தடதடவென்று மிதிப்பது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு முறை காலை எடுக்கும்போதும் சேம்பர் காற்று வெளியே போய்விடுகிறது. கம்பிரசர் நிரப்புவதைவிட வேகமாக நீங்கள் காலி செய்துவிடுவீர்கள்.

இரவு 8 பாரில் நிறுத்துகிறேன். காலையில் பார்த்தால் முள் ஜீரோவில். வண்டியை எடுக்கலாமா?
*– சொந்த வண்டி வைத்திருப்பவர்*

காலையில் ஜீரோ என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. அளந்து பாருங்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, காற்று நிரம்பியதும் இன்ஜினை அணைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து ஒரு நிமிடம் முள்ளைப் பாருங்கள். டிரெய்லர் இல்லாத வண்டியில் நிமிடத்துக்கு 2 பிஎஸ்ஐ, அதாவது ஏறத்தாழ 0.15 பாருக்கு மேல் இறங்கக் கூடாது. பிறகு பெடலை மிதித்துப் பிடித்து ஒரு நிமிடம். முதல் இறக்கம் போக, 3 பிஎஸ்ஐ, அதாவது 0.2 பாருக்கு மேல் போகக் கூடாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால், எல்லைக்குள் இருக்கும் கசிவே ஓர் இரவில் டேங்கைக் காலி செய்யப் போதும். ஆனால் போன வாரம்வரை காலையில் 5 பார் இருந்தது, இந்த வாரம் ஜீரோ என்றால் ஏதோ புதிதாக விட்டிருக்கிறது. தேடத்தான் வேண்டும். இரண்டு முள்ளில் எது முந்தி இறங்குகிறது என்று பார்த்தால் முன் சர்க்யூட்டா, பின் சர்க்யூட்டா என்று தெரிந்துவிடும், பாதி வேலை மிச்சம். அப்புறம் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும். சேசிஸில் உரசும் ஹோஸ், குழாய் மூட்டுகள், டேங்க் டிரெயின் வால்வு, சேம்பர் கிளாம்ப் என்று வரிசையாகத் தடவிக்கொண்டே போங்கள். கிளட்சுக்கும் சீட்டுக்கும் இதே காற்று போகும் வண்டி என்றால் அந்தக் குழாய்களையும் விடாதீர்கள்.

கசிவே இல்லை, ஆனால் காற்று ஏறத் தாமதமாகிறது என்றால் அது வேறு கதை. இன்ஜினை வேகமாக ஓட்டும்போது 6-லிருந்து 7 பாருக்கு ஏற முக்கால் நிமிடத்துக்கு மேல் எடுத்தால் கம்பிரசர் பக்கம் போங்கள். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், ரிங் தேய்ந்திருக்கும், அல்லது கம்பிரசரிலிருந்து வெளியே வரும் குழாயில் கரி கட்டியிருக்கும். அந்தக் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. கம்பிரசரையே மாற்றிவிட்டு, அதே கரி பிடித்த குழாயைத் திரும்ப மாட்டுகிறார்கள். புதுக் கம்பிரசரும் சூடாகிப் போய்விடும்.

பார்க்கிங் பிரேக்கை விடுவித்தால் பின் அச்சு ரிலே வால்வில் காற்று போகிறது. பார்க்கிங் போட்டால் நின்றுவிடுகிறது. ரிலே வால்வை மாற்றிவிட்டேன். அப்படியும் போகிறது.
*– இளம் மெக்கானிக்*

தம்பி, பெடலை மிதித்ததும் டேங்க் காற்றைப் பின் சேம்பர்களுக்கு விடும் அந்த ரிலே வால்வு நன்றாகத்தான் இருந்திருக்கும். காற்று அங்கே வெளியே வருகிறது, அங்கே கெடவில்லை.

பார்க்கிங்கை விடுவித்தால்தான் பின் அறைக்குக் காற்று போகிறது. முன் அறைக்கும் பின் அறைக்கும் நடுவே தண்டு போகும் இடத்தில் ஒரு சீல் இருக்கிறது. அது தேய்ந்தால் பின் அறைக் காற்று முன் அறைக்குள் கசியும். பெடலை மிதிக்காத நேரத்தில் முன் அறைக் குழாய் ரிலே வால்வு வழியாக வெளியே திறந்துதான் இருக்கிறது. அதனால் கசிந்த காற்று குழாயில் பின்னோக்கி வந்து ரிலே வால்வின் வாயில் ‘உஸ்’ என்று போகிறது. பார்க்கிங் போட்டால் பின் அறையில் காற்றே இல்லை, சத்தமும் நின்றுவிடுகிறது.

எந்தச் சேம்பர் என்று கண்டுபிடிக்க, கட்டை கொடுத்து, பார்க்கிங்கை விடுவித்த நிலையில் ஒவ்வொரு சேம்பராகக் கால் பிரேக் ஹோஸைக் கழற்று. எந்தச் சேம்பரின் துளையிலிருந்து காற்று வருகிறதோ அதுதான். பெடலை யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்.

அந்தச் சேம்பரின் பின் அறையைப் பிரித்து, சீலை மட்டும் மாற்ற முடியுமா? முழுதாக மாற்றச் செலவு அதிகம் என்கிறார் முதலாளி.
*– அதே மெக்கானிக்*

பிரிக்காதே. உள்ளே சுருண்டு கிடக்கும் ஸ்பிரிங் பல நூறு கிலோ விசையோடு இருக்கிறது. கிளாம்ப் கழன்றால் மூடி குண்டு மாதிரி பறக்கும், எதிரில் இருப்பவர் பிழைப்பது கடினம். இதில் உயிர் போயிருக்கிறது. அதனால்தான் பல சேம்பர்களில் பின் அறையைத் திறக்கவே முடியாதபடி விளிம்பை மடித்து மூடி வருகிறார்கள், எச்சரிக்கையும் ஒட்டியிருக்கிறார்கள். சீல் போனால் ஸ்பிரிங் அறையை முழுதாக மாற்ற வேண்டும். முதலாளியிடம் நான் சொன்னதாகவே சொல்.

மாற்றுவதற்கு முன் ஸ்பிரிங்கைக் கட்ட வேண்டும். சேம்பரின் பக்கவாட்டில் ஒரு நீளப் போல்ட் செருகியிருக்கும். பின்பக்க ரப்பர் மூடியை எடுத்து, அந்தப் போல்ட்டை உள்ளே விட்டுக் கால் சுற்று திருப்பி மாட்டி, நட்டை முறுக்கினால் ஸ்பிரிங் சுருங்கி நிற்கும். காற்று நிரப்ப முடியாமல் வழியில் நின்றுபோன வண்டியை இழுத்துப் போகவும் இதே வழிதான். ஆனால் போல்ட்டைப் போட்ட சக்கரத்தில் பார்க்கிங் பிரேக் இல்லை. கட்டை கொடுக்காமல் வண்டிக்கு அடியில் போனால் வண்டி உன்மேல் உருளும். முதலில் கட்டை, அப்புறம் போல்ட். உள்ளே உடைந்த ஸ்பிரிங் என்று சந்தேகம் இருந்தால் போல்ட்டையும் தொடாதே, தெரிந்தவரைக் கூப்பிடு.

டேங்க் டிரெயினைத் திறந்தால் வெண்ணிறக் குழம்பு மாதிரி வருகிறது. என்ன அது?
*– பேருந்துப் பராமரிப்பில் இருப்பவர்*

தண்ணீரும் கம்பிரசர் எண்ணெயும் கலந்தது. வெறும் தண்ணீர் மட்டும் வந்தால் டிரையர் கார்ட்ரிட்ஜ் காலாவதியாகிவிட்டது என்று மாற்றிவிடலாம். குழம்பாகவோ கறுப்பு எண்ணெயாகவோ வந்தால் கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றிப் பயனில்லை, புதியதும் எண்ணெயில் ஊறிப்போகும். கம்பிரசர் ரிங், அதன் எண்ணெய் திரும்பிப் போகும் குழாய், ஏர் ஃபில்டர், கவர்னர் இவற்றைப் பாருங்கள். கவர்னர் கெட்டு கம்பிரசர் ஓய்வே இல்லாமல் ஓடினாலும் சூடாகி எண்ணெய் தள்ளும். அந்த எண்ணெய் வால்வுகளுக்குள் போய் ரப்பரை உப்ப வைக்கும், பிரேக் விடாமல் பிடித்துக்கொள்ளும். டிரையர் இருக்கிறதே என்று டிரெயின் செய்வதை விட்டுவிடாதீர்கள். டிரையர் கெட்டதை உங்களுக்கு முதலில் சொல்வது அந்த டிரெயின்தான்.

பிரேக் அடித்தால் முன் சக்கரம் வழுக்கிவிடும் என்று சொல்லி முன் பிரேக் காற்றைக் கட்டிவிட்டு ஓட்டுகிறார் எங்கள் சீனியர். சரியா?
*– உதவியாளர்*

தவறு. பிரேக் அடிக்கும்போது எடை முன்னால் சாயும், முன் சக்கரத்துக்குத்தான் பிடிப்பு கூடும். அதைக் கட்டிவிட்டால் நிற்கும் தூரம் நீளும், பின் சக்கரங்கள் கூடுதலாகச் சூடாகும். இன்றே திறந்துவிடச் சொல்லுங்கள்.

பைக்கில் போகிறேன். லாரிக்கு முன்னால் எவ்வளவு இடைவெளி இருந்தால் திரும்பலாம்?
*– கல்லூரி மாணவி*

மீட்டர் கணக்கில் ஒரே பதில் சொல்ல முடியாது, ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். டிரைவர் ஆபத்தைப் பார்த்துப் பெடலை மிதித்த பிறகும், காற்று குழாய் வழியாகப் பின் சக்கரம்வரை போய் அழுத்தம் ஏற ஏறத்தாழ அரை வினாடி ஆகும். 60 கி.மீ. வேகத்தில் அந்த அரை வினாடியில் வண்டி 8 மீட்டர் வந்துவிடும், பிரேக்கே பிடிக்காமல். அதற்குப் பிறகுதான் வேகம் குறையவே ஆரம்பிக்கும். உங்கள் பைக்குக்கு இந்தத் தாமதம் கிடையாது. அதனால் ‘நான் நின்றுவிடுவேன், அவரும் நின்றுவிடுவார்’ என்ற கணக்கு அங்கே பொருந்தாது. லாரிக்கு முன்னால் நுழைந்து உடனே பிரேக் அடிக்காதீர்கள்.

நீண்ட இறக்கம் இறங்கி வந்து நிறுத்துகிறோம். டிரம் சூட்டில் வாடை வருகிறது. உடனே பார்க்கிங் பிரேக் போடலாமா?
*– பேருந்து ஓட்டுநர்*

முடிந்தால் போடாதீர்கள். விரிந்திருக்கும் டிரம்மை ஷூ இறுக்கிப் பிடித்திருக்கும்போதே அது ஆறிச் சுருங்கினால் கோணலாகும், விரிசலும் விடலாம். சமதரை பார்த்து நிறுத்தி, கட்டை கொடுத்துவிட்டு, கியரில் போட்டு, டிரம் ஆறிய பிறகு பார்க்கிங் போடுங்கள். காத்திருக்கும் நேரத்தில் சக்கரங்களைச் சுற்றி ஒரு நடை நடந்து, டிரம்மைத் தொடாமல், கையை அதன் அருகே கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள். எல்லாம் கொதிக்கும்போது ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால், அந்தச் சக்கரத்தில் இறக்கம் முழுக்க பிரேக்கே பிடிக்கவில்லை. அதன் புஷ்ராடை முதலில் அளக்கச் சொல்லுங்கள்.